கேரேஜில் பிறந்த காட்ஸில்லா

உடான் கடை வைப்பதா, மாடல் கடை வைப்பதா?

1964ஆம் வருடம். ஜப்பானில் ஒசாகாவை ஒட்டிய மொரிகுச்சி என்ற ஊரில் ஒசாமு மியாவாகி என்பவருக்கு இதுதான் குழப்பம். உடான் என்பது அங்கே கோதுமை மாவில் செய்கிற தடித்த நூடுல்ஸ். பசி இருக்கிற வரைக்கும் அந்த வியாபாரத்துக்குப் பயமில்லை. மாடல் கடை அப்படியல்ல. விமானம், கப்பல், டாங்கி என்று பெட்டிகளை அடுக்கி வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பையன்களின் சில்லறையை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

யோசித்துப் பார்த்தார், முடிவு வரவில்லை. வாள் பயிற்சிக்கு வைத்திருந்த மரவாளை எடுத்துத் தரையில் நேராக நிறுத்தினார். கையை எடுத்துவிட்டார். இந்தப் பக்கம் விழுந்தால் உடான், அந்தப் பக்கம் விழுந்தால் மாடல். நம் வீடுகளில் பூக்கட்டிப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. வாள் மாடல் பக்கம் விழுந்தது.

அந்தக் கடைக்காரர்களே சொல்லிச் சொல்லிப் புகழ்பெற்ற கதை இது. கடையின் அளவு ஒன்றரை ட்சுபோ. நம் கணக்கில் 50 சதுர அடியைக் கொஞ்சம் தாண்டும். ஒரு பெட்டிக்கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையின் பெயர் கையோடோ. ஜப்பானிய மொழியில் கடல் சம்பந்தப்பட்ட பெயர். நம் காதில் ‘கையோடு’ என்று விழுகிறது. பின்னால் நடந்ததைப் பார்த்தால் அதுவும் பொருத்தமான பெயர்தான்.

இந்த வாரம் நாம் பார்க்கப்போவது, ஜப்பானியக் குழந்தைகளை ஆட்டிவைத்த பூத மாடல் மோகத்தின் கதை. இரண்டு முறை கம்பெனிகள் மூழ்கிப்போன பிறகும் அந்த மோகம் சாகவில்லை. ஏன் சாகவில்லை என்பதுதான் விஷயம்.

குண்டில் முளைத்த பூதம்

கதை 1954இல் தொடங்குகிறது. அந்த வருடம் மார்ச் 1ஆம் தேதி, பசிபிக் கடலில் பிகினி தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்துச் சோதித்தது. எதிர்பார்த்ததைவிட மிகப் பெரிய வெடிப்பு. தூரத்தில் சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகின் மேல் வெள்ளைச் சாம்பல் மழையாகக் கொட்டியது. படகில் இருந்தவர்கள் 23 பேர். எல்லோரும் கதிர்வீச்சில் பாதிக்கப்பட்டுக் கரை திரும்பினார்கள். படகின் ரேடியோ ஆபரேட்டர் அய்கிச்சி குபோயாமா செப்டம்பரில் இறந்துபோனார். ஹிரோஷிமா, நாகசாகி நடந்து ஒன்பதே வருடம். நாடே கொதித்தது.

அதே வருடம் நவம்பர் 3ஆம் தேதி தோஹோ ஸ்டுடியோவின் ‘கோஜிரா’ வெளியானது. குண்டுச் சோதனையால் கடலடியிலிருந்து எழுந்து வந்து, டோக்கியோவை மிதித்து நொறுக்கும் 50 மீட்டர் உயர மிருகம். கொரில்லா என்ற சொல்லையும், திமிங்கலத்துக்கான ஜப்பானியச் சொல்லான குஜிராவையும் ஒட்டிச் செய்த பெயர். வெளிநாட்டுக்குப் போனபோது அது ‘காட்ஸில்லா’ ஆயிற்று. அந்தச் சொரசொரப்பான தோலைப் பார்த்தால், குண்டு வெப்பத்தில் வெந்தவர்களின் தழும்பு ஞாபகம் வருகிறது என்று சொன்னவர்கள் உண்டு. இப்படிப்பட்ட மிருகங்களுக்கு ஜப்பானில் ‘கைஜு’ என்று பெயர். விநோத மிருகம் என்று பொருள்.

படத்தின் இயக்குநர் இஷிரோ ஹோண்டா. தந்திரக் காட்சிகளைச் செய்தவர் எய்ஜி சுபுராயா. சிறு வயதிலேயே மாடல் விமானங்கள் செய்து பழகிய கை அவருடையது. 1933இல் வந்த ‘கிங் காங்’ படத்தில் பொம்மையைத் துளித்துளியாக நகர்த்திப் படம்பிடித்திருந்தார்கள். அப்படிச் செய்ய சுபுராயாவுக்கும் ஆசை. ஆனால் நேரமும் இல்லை, பணமும் இல்லை. ஆகவே ஒரு மனிதனுக்கு ரப்பர் உடை மாட்டிவிட்டார். ஹருவோ நகாஜிமா என்ற நடிகர், கிட்டத்தட்ட 100 கிலோ எடையுள்ள உடைக்குள் வெந்து, வியர்த்து நடித்தார். நடை பழகுவதற்காக உயிரியல் பூங்காவுக்குப் போய் யானையும் கரடியும் அடி எடுத்து வைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றவர் அவர்.

அவர் மிதித்த டோக்கியோ? அது 25இல் ஒரு பங்கு அளவில் கட்டிய பொம்மை நகரம். கட்டிடம், ரயில், மின்கம்பம் எல்லாமே மாடல். இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். காட்ஸில்லா படமே அடிப்படையில் மாடல் செய்கிறவர்களின் கைவேலை. அதைப் பார்த்த குழந்தைக்கு வீட்டில் தானும் ஒன்று செய்து பார்க்கத் தோன்றியதில் அதிசயமே இல்லை.

பெட்டிக்குள் ஒரு மிருகம்

மாடல் கிட் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெட்டியைத் திறந்தால் பிளாஸ்டிக் சட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு சட்டத்திலும் கை, கால், வால், தாடை என்று துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, பிசிறு தேய்த்து, பசை போட்டு ஒட்டி, பெயின்ட் அடிக்க வேண்டும். வாங்கிய பொருள் முழுமையாக வருவதில்லை. வாங்கியவன் உட்கார்ந்தால்தான் முழுமையாகும்.

டோக்கியோவின் அசாகுசா பகுதி பொம்மை வியாபாரத்துக்குப் பேர்போனது. அங்கே இருந்த மாருசான் என்ற கம்பெனி, போர் முடிந்த வருடங்களில் தகரத்தில் செய்த கேடிலாக் கார் பொம்மையால் பெயர் வாங்கியது. 1958 கடைசியில் அதே மாருசான் ‘நாட்டிலஸ்’ நீர்மூழ்கிக் கப்பலின் பிளாஸ்டிக் கிட்டை வெளியிட்டது. ஜப்பானிலேயே தயாரான முதல் பிளாஸ்டிக் மாடல் கிட் என்று பலரும் குறிப்பிடுவது இதைத்தான்.

பூதங்களுக்கு வழிகாட்டியது அமெரிக்கா. அங்கே அரோரா என்ற கம்பெனி 1961இல் ஃபிராங்கன்ஸ்டைன் கிட் ஒன்றை விட்டது. பேய், பூத மாடலுக்கு இவ்வளவு கிராக்கியா என்று கம்பெனிக்காரர்களே ஆச்சரியப்படும் அளவுக்கு விற்றது. டிராகுலா, மம்மி என்று வரிசையாக வந்து, 1964இல் காட்ஸில்லாவும் வந்தது. இடிந்த நகரத்தின் மேல் கம்பீரமாக நிற்கும் உருவம். அலமாரியில் வைத்து அழகு பார்க்க வேண்டியதுதான்.

ஜப்பானியப் பையன்களுக்கு அது போதாது. அந்தக் காலத்தில் அங்கே டாங்கி கிட் என்றால் ஓட வேண்டும், கப்பல் என்றால் தண்ணீரில் போக வேண்டும். சின்ன மோட்டாரும் பேட்டரியும் இல்லாத மாடலைப் பையன்கள் மதிக்க மாட்டார்கள். ஆகவே 60களின் நடுவில் மாருசான் கொண்டுவந்த காட்ஸில்லா கிட், பேட்டரி போட்டால் நடந்தது. பற்சக்கரங்களை நீங்களே பூட்ட வேண்டும். மோட்டார் உட்கார வயிற்றில் இடம் விட்டாக வேண்டும். அதனால் படத்தில் பயமுறுத்திய மிருகம், கிட்டில் தொப்பை வைத்த மாமா மாதிரி ஆடி ஆடி நடந்தது. ஒரு குழந்தையும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. தான் பூட்டிய பற்சக்கரத்தில், தான் ஒட்டிய கால் எடுத்து வைக்கும் முதல் அடி அல்லவா!

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணி

1966 ஜனவரி 2. ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழு மணி. டிபிஎஸ் தொலைக்காட்சியில் ‘அல்ட்ரா க்யூ’ தொடங்கியது. தயாரித்தது சுபுராயா ஆரம்பித்த சொந்த நிறுவனம். அதுவரை தியேட்டருக்குப் போனால்தான் பார்க்க முடிந்த பூதம், இப்போது வாரா வாரம் வீட்டுக்கே வந்தது. வாரத்துக்கு ஒன்று, அதுவும் புதிது புதிதாக! ஜூலை 17இல் அடுத்த தொடரான ‘அல்ட்ராமேன்’ வந்தது. இந்தத் தொடர்களைப் பார்த்தவர்கள் 30 சதவீதத்துக்கும் மேல்.

தொடங்கிய தேதியையும் கவனியுங்கள். ஜப்பானில் புத்தாண்டுக்குப் பெரியவர்கள் குழந்தைகளுக்குக் கவரில் பணம் போட்டுக் கொடுப்பது வழக்கம். நம்மூர்ப் பொங்கல் காசு மாதிரி. பையில் பணமும் கண்ணில் பூதமும் ஒரே வாரத்தில் சேர்ந்தால் என்ன ஆகும்?

அந்தப் பூதங்களுக்கு உருவம் கொடுத்தவர் தோரு நரிதா. முறையாகச் சிற்பம் படித்தவர். அவர் தனக்குச் சில கட்டுப்பாடுகள் வைத்திருந்தார். இருக்கிற மிருகத்தை அப்படியே பெரிதாக்கிப் பூதம் என்று சொல்லக் கூடாது. உடல் சிதைந்து ரத்தம் வழிகிற உருவமும் கூடாது. பார்க்கிறது குழந்தைகள், பயப்படலாம், அருவருக்கக் கூடாது. காசு மோகம் பிடித்த ஒரு பையன், தலை மணிபர்ஸ் போலவும் வாய் ஜிப் போலவும் மாறி, நாணயம் தின்றே உயிர் வாழும் ‘கனெகோன்’ ஆகிறான். பயமா, சிரிப்பா, பாவமா என்று சொல்ல முடியாத உருவம் அது. நரிதா வரைந்ததை ரப்பர் உடையாகச் செய்தவர்களில் முக்கியமானவர் ரியோசாகு தகயாமா. அவர் ஓவியரும்கூட.

சிக்கனமும் இருந்தது. தோஹோவின் பழைய காட்ஸில்லா உடைக்குக் கொம்பும் முடியும் வைத்து ‘அல்ட்ரா க்யூ’வில் ஒரு பூதம். கழுத்தைச் சுற்றி ஒரு விசிறி வைத்து ‘அல்ட்ராமேன்’இல் இன்னொரு பூதம். அக்காவின் பாவாடையைத் தங்கைக்குத் தைத்துப் போடுகிற கதைதான்.

ஊரே பூதமயம். தோஹோவுக்குப் போட்டியாக டாயி ஸ்டுடியோ 1965இலேயே ‘கமெரா’ என்ற பறக்கும் ஆமையை இறக்கியிருந்தது. 1967இல் ஷோச்சிகு, நிக்கட்சு ஸ்டுடியோக்களும் ஆளுக்கொரு பூதப் படம் எடுத்தன. மாருசான் கிட்டுகளோடு சேர்த்து, ‘சோஃபுபி’ என்கிற மென்மையான வினைல் பொம்மைகளையும் குவித்தது.

சோஃபுபி செய்கிற விதமே ஒரு வேடிக்கை. முதலில் மெழுகில் உருவம். அதன் மேல் மின்முலாம் பூசும் முறையில் செம்பு படிய வைத்து அச்சு எடுப்பார்கள். அச்சுக்குள் திரவ வினைலை ஊற்றிச் சூடான எண்ணெயில் முக்குவார்கள். அச்சை ஒட்டியிருக்கும் வினைல் மட்டும் இறுகும். நடுவில் இருப்பதைத் திரும்பக் கொட்டிவிடலாம். பிறகு மறுபடி சூடு. கடைசியில் குறட்டை உள்ளே விட்டுப் பிடித்து, அச்சின் சின்ன வாய் வழியாகப் பெரிய உடம்பை ஒரே இழுப்பில் இழுத்து எடுப்பார்கள். சூடாக இருக்கும்போது அது வளைந்து கொடுத்து வெளியே வந்து, பழைய உருவத்துக்குத் திரும்பிவிடும். கை பழகியவர்களுக்குத்தான் அது வரும்.

நிறம்? ‘அல்ட்ரா க்யூ’ கறுப்பு வெள்ளைத் தொடர். கலரில் வந்த ‘அல்ட்ராமே’னையும் பெரும்பாலான வீடுகளில் கறுப்பு வெள்ளைப் பெட்டியில்தான் பார்த்தார்கள். ஆகவே பொம்மைக் கம்பெனிக்கு முழுச் சுதந்திரம். பச்சைப் பூதத்துக்கு ஆரஞ்சு, பழுப்புப் பூதத்துக்கு நீலம் என்று மனம் போல அடித்தார்கள். இன்றைக்குச் சேகரிப்பவர்கள் தேடித் தேடி வாங்குவது அந்தப் பொருந்தாத நிறங்களைத்தான்.

இரண்டு மூழ்கல்

மோகம் எவ்வளவு வேகமாக வந்ததோ அவ்வளவு வேகமாக வடிந்தது. 1968இல் குழந்தைகளின் கண் வேறு பக்கம் திரும்பியது. ஜனவரியில் ‘கெகெகெ நோ கிடாரோ’ வந்து, நாட்டுப்புறப் பேய்க் கதைகளை நாகரிகமாக்கியது. மார்ச்சில் பேஸ்பால் பையனின் கதையான ‘க்யோஜின் நோ ஹோஷி’ வந்தது. செப்டம்பரில் ‘அல்ட்ரா செவன்’ தொடர் முடிந்தது. அடுத்து அல்ட்ரா தொடர் எதுவும் வரவில்லை. அந்த வருடக் கடைசியில் மாருசான் திவாலானது.

பொம்மை வியாபாரத்தின் கொடுமை இது. அச்சு செய்ய முதலிலேயே பெரும் பணம் கொட்ட வேண்டும். அது திரும்பி வருவதற்குள் குழந்தையின் மனசு மாறிவிட்டால், கையில் மிஞ்சுவது இரும்பும் செம்பும்தான்.

ஆனால் அந்த அச்சுகள் பழைய இரும்புக் கடைக்குப் போகவில்லை. மாருசானில் வேலை பார்த்தவர்கள் சிலர் சேர்ந்து 1969இல் புல்மார்க் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். பழைய அச்சுகளை வாங்கி, அதே பூதங்களை மறுபடி வார்த்தார்கள். எல்லோரும் கைவிட்ட சரக்கு. துணிச்சல்தான். 1971 ஏப்ரலில் புதிய அல்ட்ராமேன் தொடரும், ‘காமென் ரைடர்’ தொடரும் அடுத்தடுத்த நாட்களில் தொடங்கின. இரண்டாவது பூத அலை எழுந்தது. புல்மார்க்கின் சரக்கு பறந்தது.

அதுவும் நிலைக்கவில்லை. 1972 கடைசியில் ‘மாஸிங்கர் ஸட்’ என்ற ராட்சத ரோபோ தொலைக்காட்சிக்கு வந்தது. 1974இல் அதன் கனமான உலோகப் பொம்மை வந்ததும், பையன்கள் ரப்பர் வாலை விட்டுவிட்டு இரும்புக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். இதற்கு நடுவில் 1973இன் எண்ணெய் நெருக்கடி. பிளாஸ்டிக்குக்கு மூலப்பொருளே எண்ணெய்தான். 1975 மார்ச்சில் வந்த காட்ஸில்லா படம் வசூலில் படுத்தது. தோஹோ காட்ஸில்லாவை ஓரம் கட்டியது. 1977இல் புல்மார்க்கும் மூடியது.

அடுத்த காட்ஸில்லா படம் வருவதற்கு 1984 டிசம்பர் ஆயிற்று. ஒன்பது வருடம்! 1966இல் ஏழு வயதில் வாய் பிளந்து டிவி பார்த்த பையனுக்கு, அப்போது 25 வயது.

நாமே செய்தால் என்ன?

இந்த ஒன்பது வருட வெற்றிடத்தில்தான் கதையின் சுவையான பகுதி நடக்கிறது.

அந்தப் பையன்கள் வளர்ந்து கல்லூரிக்கும் வேலைக்கும் போனார்கள். ஆனால் மனதுக்குள் பூதம் அப்படியே இருந்தது. கடைகளில் பூத பொம்மைகள் அடியோடு இல்லாமல் போகவில்லை. ஆனால் அவை சின்னக் குழந்தைகளுக்குச் செய்தவை. உருண்டை முகம், எளிய வடிவம். இவர்கள் கேட்டது வேறு. 1954இன் காட்ஸில்லாவுக்குக் கால் விரல் எப்படி இருந்தது, 1962இன் காட்ஸில்லாவுக்கு முதுகுத் தட்டு எப்படி வளைந்தது என்று படத்துக்குப் படம் வித்தியாசம் சொல்கிறவர்கள் இவர்கள். 1980இல் ‘உச்சூசென்’ என்ற பத்திரிகை தொடங்கி, பழைய தந்திரக் காட்சிப் படங்களின் புகைப்படங்களையும் விவரங்களையும் வெளியிட்டது. தன்னைப் போல் நாடு முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

கம்பெனிகளுக்கு இவர்களைப் பற்றிக் கவலையில்லை. ஓர் எஃகு அச்சு செய்தால் பல்லாயிரம் பெட்டி விற்றாக வேண்டும். நாலு பேர் கேட்கிறார்கள் என்று அச்சு வெட்ட முடியுமா?

சரி, நாமே செய்தால் என்ன? கேள்வி எழுந்த இடங்களில் ஒன்று, நாம் தொடக்கத்தில் பார்த்த அந்தக் கையோடோ. பெட்டிக்கடை அதற்குள் வளர்ந்து, மாடல் பைத்தியங்களின் திண்ணையாக ஆகியிருந்தது. மியாவாகியின் மகன் ஷூயிச்சியும் அந்தப் பைத்தியங்களில் ஒருவர்.

களிமண்ணில் உருவம் பிடிக்க ஆள் இருந்தது. அதை எப்படிப் பத்து, இருபதாகப் பெருக்குவது? வழி கிடைத்தது பல் வைத்தியத்தில்! பல் கட்டுவதற்கு வாயில் அச்சு எடுக்கிறார்களே, அந்தப் பொருள் ஈறின் நெளிவைக்கூட விடாமல் பிடிக்கும். அதையும் பல் ரெசினையும் வைத்து முதல் முயற்சிகள் நடந்தன. காட்ஸில்லாவின் பல் வரிசைக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் உண்டா?

முறை இதுதான். களிமண் உருவத்தைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மேலும் சிலிக்கான் ரப்பரை ஊற்றி இரண்டு பாதியாக அச்சு எடுக்க வேண்டும். பிறகு இரண்டு திரவங்களைக் கலந்து அச்சில் ஊற்றினால், சில நிமிடங்களில் கெட்டியாகி ரெசின் துண்டாகிவிடும். கொலு பொம்மைக்காரர்கள் அச்சில் மண்ணை அழுத்தி எடுப்பதற்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். எஃகு அச்சு வேண்டாம், இயந்திரம் வேண்டாம், முதலாளி வேண்டாம். ஒரு மேசை இருந்தால் போதும். ஆனால் சிலிக்கான் அச்சுக்கு ஆயுள் குறைவு. சில டஜன் வார்ப்புகளிலேயே கிழியத் தொடங்கும். அத்தோடு சரி.

வாங்குகிறவருக்கும் வேலை குறைவில்லை. ரெசினில் காற்றுக் குமிழ் இருக்கும். புட்டி வைத்து அடைக்க வேண்டும். அச்சுக் கோடுகளை அரத்தால் தேய்க்க வேண்டும். எண்ணெய்ப் பசை போக சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கனமான வால் விழாமல் நிற்க, துளையிட்டுப் பித்தளைக் கம்பி செருக வேண்டும். அப்புறம்தான் பெயின்ட். ஒரு மாசம் ஓடிவிடும்.

இவற்றுக்கு வந்த பெயர் ‘கேரேஜ் கிட்’. கார் நிறுத்தும் கொட்டகையில் செய்தது என்ற அர்த்தம். ஜப்பானிய நகரத்தில் இளைஞர்கள் குடியிருந்த ஒண்டுக் குடித்தனத்தில் காரும் ஏது, கேரேஜும் ஏது? படுக்கும் அறையில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, ரெசின் நாற்றத்தில் செய்ததுதான் பெரும்பாலும்.

ஒரே ஒரு நாள்

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். காட்ஸில்லா தோஹோவின் சொத்து. அல்ட்ராமேன் சுபுராயா நிறுவனத்தின் சொத்து. கண்ட கண்ட இளைஞர்கள் அறைக்குள் வார்த்து விற்றால், அது திருட்டு இல்லையா?

சட்டப்படி பார்த்தால் அனுமதி வேண்டும்தான். ஆனால் 20 பொம்மை விற்கிற கல்லூரிப் பையன், வருடாந்தர உரிமத்துக்குப் பெரிய கம்பெனியிடம் போய் நிற்க முடியுமா? கம்பெனியும் அவனுக்காக ஒப்பந்தம் போட்டுக்கொண்டிருக்க முடியுமா? ஒன்று பயந்து பயந்து விற்க வேண்டும். இல்லையென்றால் விட்டுவிட வேண்டும்.

இதற்கு வழி கண்டது ஒசாகாவில் 1982இல் தோஷியோ ஒகாடா, யசுஹிரோ தகேடா என்ற இரண்டு இளைஞர்கள் திறந்த ‘ஜெனரல் புராடக்ட்ஸ்’ என்ற கடை. விஞ்ஞானக் கதைப் பிரியர்களுக்காகவே நடந்த கடை அது. இவர்கள் கேரேஜ் கிட்டுகளுக்காக ‘வொண்டர் ஃபெஸ்டிவல்’ என்ற சந்தையை உருவாக்கினார்கள். 1984 கடைசியில் ஒரு வெள்ளோட்டம். 1985 ஜனவரியில் டோக்கியோவில் முறையான முதல் விழா.

அந்தச் சந்தையின் உயிர்நாடி ஓர் எளிய ஏற்பாடு: ஒருநாள் உரிமை. செய்கிறவர் முன்கூட்டியே விழாக் குழுவிடம் விண்ணப்பம் கொடுப்பார். குழு எல்லா விண்ணப்பத்தையும் சேர்த்து உரிமைக்காரர்களிடம் கொண்டுபோகும். உருவத்தைப் பார்த்து அவர்கள் சம்மதித்தால், அந்த ஒரு நாள், அந்த ஒரு மண்டபத்தில், சொன்ன எண்ணிக்கை மட்டும் விற்கலாம். ஒரு சிறு தொகை உரிமைக்காரருக்குப் போகும். மறுநாள் விற்றால் தப்பு. மண்டபத்துக்கு வெளியே விற்றாலும் தப்பு.

எவ்வளவு பெரிய சிக்கலுக்கு எவ்வளவு சின்னத் தாழ்ப்பாள் பாருங்கள்! கம்பெனிக்குத் தன் சொத்து கைவிட்டுப் போகிற பயமில்லை. பையனுக்குத் திருட்டுப் பட்டம் இல்லை. தான் ஆசைப்பட்ட பூதத்தைச் செய்து, தலை நிமிர்ந்து விற்கலாம். விடியற்காலையில் வரிசையில் நின்று வாங்கிப் போகிறவருக்கும், ‘இது இன்றைக்கு விட்டால் கிடைக்காது’ என்ற மகிழ்ச்சி. கம்பெனிகள் திவாலானபோது பறிபோன பூதங்கள், இந்த ஒருநாள் சந்தை வழியாகத்தான் செய்கிறவர் கைக்கு முறையாகத் திரும்பி வந்தன.

1992இல் ஜெனரல் புராடக்ட்ஸ் விலகிக்கொண்டது. விழாவை ஏற்று நடத்த முன்வந்தது யார் தெரியுமா? மரவாள் விழுந்த அந்தக் கையோடோதான். வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும் அந்த விழாவுக்கு இன்று பல்லாயிரம் பேர் திரளுகிறார்கள்.

எங்கே போய்ச் சேர்ந்தார்கள்?

ஜெனரல் புராடக்ட்ஸ் கூட்டத்தோடு சுற்றிக்கொண்டிருந்த ஓர் இளைஞர், 1983இல் நண்பர்களோடு சேர்ந்து அல்ட்ராமேன் பற்றி ஒரு அமெச்சூர் படம் எடுத்தார். அட்டையில் கட்டிய ஊர். அல்ட்ராமேனாக நடித்தது அவரே. முகமூடிகூடக் கிடையாது. கண்ணாடி போட்ட சொந்த முகத்தோடு பூதத்தோடு மல்லுக்கட்டினார். அவர் பெயர் ஹிதேயாகி அன்னோ. 2016இல் அவரையே கூப்பிட்டு ‘ஷின் காட்ஸில்லா’ படத்தை இயக்கச் சொன்னது தோஹோ.

பூதங்களை வரைந்த தோரு நரிதா 2002இல் காலமானார். அவருடைய மூல ஓவியங்கள் அவோமோரி கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 2024இல் ‘காட்ஸில்லா மைனஸ் ஒன்’ படம் தந்திரக் காட்சிகளுக்காக ஆஸ்கர் வாங்கியது. இயக்குநர் தகாஷி யமசாகியும் அவருடைய குழுவினரும் அந்த விழாவுக்கு வந்தபோது, கோட்டு சூட்டு போட்ட பெரிய மனிதர்களின் கையில் என்ன இருந்தது? காட்ஸில்லா பொம்மைகள்!

ஒசாமு மியாவாகியின் சொந்த மாநிலம் கோச்சி. அங்கே மலைப்பக்கத்தில் ஒரு கிராமத்து ஆரம்பப் பள்ளி. படிக்கப் பிள்ளைகள் இல்லாமல் மூடிவிட்டார்கள். ஜப்பானின் கிராமங்களில் இந்த வருத்தம் அதிகம். 2011இல் அந்தப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தைச் சீர்செய்து, கையோடோவின் மாடல்களை வைத்து ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். பிள்ளைகள் இல்லாத பள்ளிக்கூடத்தில் இப்போது பூதங்களும் டைனோசர்களும் குடியிருக்கின்றன. அவற்றைப் பார்க்கப் பிள்ளைகளும் வருகிறார்கள், ஒரு காலத்தில் பிள்ளைகளாக இருந்தவர்களும் வருகிறார்கள்.

குழந்தைக்கு ஒன்று பிடித்துப்போனால், ‘ரெண்டு நாள் பைத்தியம், சரியாயிடும்’ என்று நாம் சொல்வோம். பல நேரம் அது உண்மையும்கூட. வியாபாரிகளும் அப்படித்தான் கணக்குப் போட்டார்கள். மோகம் ஏறும்போது அச்சு வெட்டினார்கள், இறங்கும்போது கடையை மூடினார்கள். அந்தக் கணக்கில் வராத ஒரு சிலர் இருந்தார்கள். பொம்மையை வைத்து விளையாடியதோடு நிற்காமல், அது எப்படிச் செய்யப்பட்டது என்று பிரித்துப் பார்த்தவர்கள். பூதத்தைக் காப்பாற்றியது அவர்களுடைய கைதான்.

ஆகவே அலமாரியைச் சுத்தம் செய்யும்போது, பாதி ஒட்டி, பாதி பெயின்ட் அடித்து, ஒரு கால் இல்லாமல் ஏதாவது கிடைத்தால், உடனே குப்பைக் கூடைக்கு அனுப்பிவிடாதீர்கள். செய்தவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளுங்கள்: “இதுக்கு இன்னொரு கால் எப்படிப்பா செய்யப்போறே?”

பதில் சொல்ல அவன் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறான் என்று பாருங்கள். அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசினால், அந்த அலமாரித் தட்டை அவனுக்கே விட்டுவிடுங்கள்.